ஒலுமாராவுக்கு அறுபத்திரண்டு வாழ்த்துரைகள்

நாடுகளைக் கண்டுபிடிப்பது எளிய வேலை. ஒரு கப்பலும், திசை தெரியாத மாலுமி ஒருவனும், கொஞ்சம் திமிரும் இருந்தால் போதும். எதிரே ஏதாவது ஒரு நாடு வந்தே தீரும். அந்த நாட்டை நாலு பேருக்கு அறிமுகப்படுத்துவதுதான் மாபெரும் பணி. அதற்குச் சங்கம் வேண்டும். சங்கத்துக்கு லெட்டர்பேடு வேண்டும். லெட்டர்பேடின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை பொறுப்பாளர்களின் பெயர்கள் வேண்டும். இந்தத் தகுதிகள் அனைத்தும் ஒருங்கே அமைந்த ஒரே அமைப்பு, மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தின் கீழ்க்கரைச் சுவர்மேல் தினமும் மாலை ஐந்தரை மணிக்குக் கூடி, ஏழு மணிக்குக் கலைந்துகொண்டிருந்தது.

அதன் பெயர் மதுரை கிழக்கு உலகச் சுற்றுலா ஆர்வலர் பேரவை. மொத்தம் அறுபத்திரண்டு பேர். அறுபத்திரண்டு பேரும் பொறுப்பாளர்கள். வெறும் உறுப்பினர் என்று முன்பு ஒரே ஒருவர் இருந்தார். அவர் 2001 பொங்கலன்று மனம் வெதும்பிப் பேசியதால், அவருக்காகவே ‘உறுப்பினர் நல அணிச் செயலாளர்’ என்ற பதவி உருவாக்கப்பட்டது. உறுப்பினர்களே இல்லாத ஒரு பேரவையில் உறுப்பினர் நலன் மிகச் சிறப்பாகப் பேணப்பட்டது. பேரவை அதுவரை மேற்கொண்ட ‘உலகச் சுற்றுலா’க்களில் மிக நீண்டது குற்றாலம். போனபோது அருவியில் தண்ணீர் இல்லை. ஆனால் குழு போட்டோ அருமையாக விழுந்திருந்தது.

இந்தப் பேரவையின் கௌரவச் செயலாளர்தான் நாகசுப்பிரமணியன். உயர்நிலைப் பள்ளியில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பூகோளம் நடத்துபவர். ஐந்து பெருங்கடல்களையும் சாக்பீஸால் கடந்தவர்.

2002 பிப்ரவரியில் பேரவைக்கு ஒரு கடிதம் வந்தது. ஒலுமாரா என்றொரு நாடு. நடுக்கடலில் ஒற்றைத் தீவு. தென்னை, மழை, நண்டு, நாற்பத்தோராயிரம் மனிதர்கள். பேரையூர் தாலுகாவைக்கூட நிரப்ப முடியாத ஜனத்தொகை. அந்த நாட்டின் சுற்றுலாத் துறைத் துணை இயக்குநர் எழுதியிருந்தார்: எங்கள் நாட்டைப் பயணிகளுக்கு அறிமுகப்படுத்தும் புத்தகம் ஒன்றை உங்கள் மொழியில் வெளியிட முடியுமா? அச்சுச் செலவு எங்களுடையது. நாட்டை அறிமுகப்படுத்துபவருக்கு, இரண்டு பேர் போய்வர விமான டிக்கெட். வெளியீட்டு விழாவுக்கு நேரில் வந்து என் கையால் தருகிறேன்.

கடிதத்தின் அடியில் ‘துணை இயக்குநர்’ என்று மட்டும் இருந்தது. பெயர் இல்லை.

“பேரு போட மறந்துட்டாரு போல” என்றார் நாகசுப்பிரமணியன். அந்த அதிகாரிக்கு அவர் எழுதிய பத்தொன்பது பதில்களில் ‘நாகசுப்பிரமணியன், எம்.ஏ., பி.எட்., கௌரவச் செயலாளர், முன்னாள் சாரணர் படைத் துணைத் தலைவர்’ என்பது பத்தொன்பது தடவையும் தவறாமல் இருந்தது.

அன்று வீட்டில் அவர் மனைவி ராதாமணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். சண்டை வந்தால் மட்டும் தமிழ். அக்கம்பக்கத்தாருக்கும் நியாயம் புரிய வேண்டுமல்லவா. அன்று ராதாமணி தமிழில் ஆரம்பித்தாள்.

“ரெண்டு டிக்கெட்டுன்னா யார் யாரு?”

“நீயும் நானுந்தான். வேற யாரு?”

“கொடைக்கானலுக்கும் இப்படித்தான் சொன்னீங்க.”

கல்யாணமான புதிதில் கொடைக்கானலுக்குக் கிளம்பியவர்களின் பஸ் வத்தலக்குண்டில் நின்றுவிட்டது. அங்கேயே ஒரு காபி குடித்துவிட்டு மதுரைக்குத் திரும்பினார்கள். அவர்களுடைய தேனிலவு என்பது அந்தக் காபிதான். ஆகஸ்டில் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். இதற்கிடையில் நாகசுப்பிரமணியனின் தம்பி மனைவி ஸ்ரீலட்சுமி சிங்கப்பூர் போய்வந்து, விமானத்தில் கொடுத்த ஒரு சின்னச் சோப்பை ராதாமணிக்குப் பரிசளித்திருந்தாள். அது பீரோவில் பிரிக்காமல் இருந்தது. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அது மணந்தது. அதுதான் ராதாமணிக்குப் பொறுக்கவில்லை.

“இந்தத் தடவை வத்தலக்குண்டத் தாண்டிருவோம்” என்றார் நாகசுப்பிரமணியன். அவர் முகத்தில் கொலம்பஸ் களை தெரிந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும்: மனிதர் உழைத்தார். தெப்பக்குளம் பஸ் ஸ்டாப் பக்கத்து பிரௌசிங் சென்டரில் தவமிருந்தார். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள் வித்யாஸ்ரீ, வந்த மின்னஞ்சல்களை எல்லாம் தமிழாக்கித் தந்தாள். மூன்று மாதத்தில் நாற்பத்தெட்டுப் பக்கம் எழுதி முடித்தார். கரும்பலகையில் எழுதி எழுதி அவருடைய கையெழுத்து சாய்ந்துபோயிருந்ததால், ராதாமணிதான் முழுவதையும் அழகாகப் படி எடுத்தாள்.

புத்தகம் நன்றாகவே வந்திருந்தது. ஒலுமாராவில் தினமும் காலை பதினோரு மணிக்கு ஒரு மழை, மாலை நான்கு மணிக்கு ஒரு மழை. நண்டுகள் மேட்டிலிருந்து கடலுக்கு இறங்கும் வாரத்தில் பஸ்கள் ஓடா, நண்டுகளுக்கு முன்னுரிமை. குடிநீர் கிணற்று நீர்தான், கொஞ்சம் உவர்ப்பு. முதல் அத்தியாயமே அந்த ஊர் மரியாதையைப் பற்றியது. ஒலுமாராவில் யாரும் தன் பெயரைத் தானாகச் சொல்லமாட்டார். எதிரே இருப்பவர் கேட்டால்தான் சொல்லலாம். கேட்கும் வரை பேச்சையே ஆரம்பிக்கமாட்டார்கள். வீட்டு வாசலில் நின்று தன் பெயரைத் தானே சொல்பவனை உள்ளே கூப்பிடமாட்டார்கள். மழையில் நிற்க வேண்டியதுதான்.

“பாத்தியா, எம்புட்டு நாகரிகம்!” என்று அந்தப் பத்தியை நாகசுப்பிரமணியன் ராதாமணிக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார். “இத நம்மாளுக கத்துக்கணும். நான் சொன்னேன்னு பேரவையில சொல்லப்போறேன்.”

அச்சு வேலை அழகுபாண்டியின் ஆப்செட் அச்சகத்தில். புத்தகம் அறுபத்து நான்கு பக்கம் என்று முடிவானது. நாற்பத்தெட்டுப் பக்கம் நாடு. மீதிப் பதினாறில் தலைப்பு, படம், இத்யாதி. எல்லாம் ஒழுங்காகப் போயிருக்கும். ஆனால் தமிழில் ஒரு புத்தகம், அதிலும் மதுரையில், வாழ்த்துரை இல்லாமல் வெளிவந்ததாகச் சரித்திரம் இல்லை.

பேரவைத் தலைவர் நல்லகாமன் மேற்கே உசிலம்பட்டிப் பக்கம் உழுது பயிரிட்ட சம்சாரி. டிராக்டர் ஏஜென்சி எடுத்து டவுனுக்கு வந்தவர். தங்கமான மனிதர், மைக்கைக் கண்டால் மட்டும் விடமாட்டார்.

“வாத்தியாரே, தலைவர்ங்கிற மொறையில ஒரு பக்கம் நானும் வாழ்த்திர்றேன். போட்டோ இருக்கு, வெள்ளச் சட்டையில.”

“தாராளமாண்ணே.”

தலைவர் வாழ்த்தியதைக் கேள்விப்பட்ட துணைத் தலைவர்கள் ஒன்பது பேரும் தெப்பக்குளச் சுவரில் அன்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். மறுநாள் அவர்களுக்கும் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கப்பட்டது. நாட்டின் மலைப்பகுதியும் போக்குவரத்தும் நீக்கப்பட்டன. “மேட்டுக்கு யாரு ஏறப்போறா” என்று நாகசுப்பிரமணியனே சமாதானம் சொன்னார், தனக்குத்தான்.

பொருளாளர் வெங்கடேஷ்பாபு பல் கிளினிக் வைத்திருந்தார். அவர் எழுதிய வாழ்த்துரை ‘ஒலுமாரா மக்களின் பற்கள் நீடூழி வாழ்க’ என்று முடிந்தது. கீழே கிளினிக் நேரம். அவருக்கு இடம் கொடுக்க உணவு வகைகள் அத்தியாயம் போனது. பல் வந்து சாப்பாடு போனது. மகளிரணித் தலைவி சீனியம்மாள் பிழைதிருத்தும் படியை அளவுகோலோடு பார்வையிட்டார்.

“தலைவர் போட்டோ ரெண்டே கால் இஞ்சு. எனக்கு ஒண்ணே முக்கா. பெண்ணுக்கு அம்புட்டுத்தானா மரியாதை?”

மகளிர் உரிமை அங்கேயே நிலைநாட்டப்பட்டது. அந்த அரை அங்குலத்துக்காகக் கடற்கரைகள் மூன்றும் பலியாயின.

இணைச் செயலாளர்கள் பதினாலு பேர். அணிச் செயலாளர்கள் அதற்கு மேல். எல்லாவற்றுக்கும் ‘வாழ்த்துரை’ என்றே தலைப்பிட்டால் மரியாதைக் குறைவு என்று ஒரு தரப்பு கிளம்பியது. நாகசுப்பிரமணியன் ஒரு வாரம் விடுப்பெடுத்து ஆசியுரை, அணிந்துரை, பாராட்டுரை, மகிழ்வுரை, நெகிழ்வுரை, இசைவுரை, வழிமொழிவுரை என்று தமிழைப் பிழிந்து எடுத்தார். உறுப்பினர் நல அணிச் செயலாளருக்கு ஒன்றும் மிஞ்சாமல் ‘உடனிருப்புரை’ வழங்கப்பட்டது. அவர் ஒலுமாரா என்பது ஒரு பெரியவரின் பெயர் என்று நினைத்து, ‘அன்னார் ஆற்றிவரும் தொண்டு அளப்பரியது’ என்று உருகியிருந்தார். யாரும் திருத்தவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

நல்லகாமனின் ஆசியுரைதான் அவற்றில் தலையாயது. ‘தீவு என்றால் நான்கு பக்கமும் தண்ணீர். எங்கள் தெப்பக்குளத்தின் மைய மண்டபமும் தீவுதான். தண்ணீர் ஒன்றுதான் பாக்கி. அது வந்துவிட்டால் மதுரையும் ஒலுமாராவும் சகோதர நாடுகள்’ என்று அவர் அறிவித்திருந்தார்.

நாடு இப்படி நாற்பத்தெட்டிலிருந்து முப்பதுக்கும், முப்பதிலிருந்து பன்னிரண்டுக்கும், பன்னிரண்டிலிருந்து நாலுக்கும் இறங்கியது. எந்தக் கடலும் எந்தத் தீவையும் இத்தனை வேகத்தில் விழுங்கியதில்லை.

ஆகஸ்ட் முதல் வாரம் அழகுபாண்டி ஆள் அனுப்பினான். நாகசுப்பிரமணியன் அச்சகத்துக்குப் போனபோது அவன் மேசையில் பக்கங்களைப் பரப்பி வைத்திருந்தான்.

“அண்ணே, மொதப் பக்கம் தலைப்பு. ரெண்டாம் பக்கம் அச்சக விலாசம். மூணுலருந்து அறுபத்தி மூணு வரைக்கும் அறுபத்தோரு பேரு வாழ்த்திட்டாக. மிச்சம் ஒரே பக்கம். அறுபத்தி நாலு.”

“அதுல நாட்டப் போட்ரு.”

“போட்ரலாம். ஆனா உங்களுது?”

“என்னுது?”

“என்னுரைண்ணே. ஆசிரியர் என்னுரை இல்லாம பொஸ்தகமா? போட்டோவும் குடுத்திருக்கீகளே, கோட்டுப் போட்டு.” அழகுபாண்டி பேனாவை மூடினான். “பக்கம் ஒண்ணுதாண்ணே. நாடா, நீங்களா? சொல்லுங்க, பிளேட்டு போடணும்.”

உலக வரலாற்றில் இப்படியொரு கேள்வி சக்கரவர்த்திகளிடம்கூட இவ்வளவு நேராகக் கேட்கப்பட்டதில்லை.

நாகசுப்பிரமணியன் உட்கார்ந்தார். ஒரு டீ வரவழைத்தார். எந்தப் பக்கமும் சாயாமல், ஒரு பூகோள ஆசிரியருக்கே உரிய நடுநிலையோடு யோசித்தார். ஒலுமாரா எங்கும் ஓடிப்போகாது. பல லட்சம் வருஷமாக அங்கேயே கிடக்கிறது. தெரிந்துகொள்ள விரும்புகிறவன் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நாகசுப்பிரமணியனை? நேரில் பார்த்தவர்களுக்கே அவர் யாரென்று சரியாகத் தெரியவில்லை. அறிமுகம் யாருக்கு அவசரத் தேவை என்பதைத்தானே பார்க்க வேண்டும்? அது மட்டுமல்ல. ‘நாட்டை அறிமுகப்படுத்துபவருக்கு’ டிக்கெட். அறிமுகப்படுத்தியவர் யார் என்று புத்தகத்தில் இல்லாவிட்டால் டிக்கெட்டை யாரிடம் கொடுப்பார்கள்? ஆக, ராதாமணிக்காகத்தான்.

“என்னப் போடு” என்றார். குரல் கம்மியது. தியாகம் செய்பவர்களுக்குக் கம்மும்.

“நாடு?”

“பின்னட்டையில மேப்பு இருக்குல்ல. அது போதும். படம் ஆயிரம் பேசும்.”

என்னுரையில் அவர் அறுபத்தோரு பேருக்கும் தனித்தனியே, பெயர் சொல்லி, நன்றி தெரிவித்தார். அச்சகத்தாருக்கு நன்றி. பிரௌசிங் சென்டர் உரிமையாளர் கருத்தக்கண்ணனுக்கு நன்றி. கோட்டு இரவல் தந்த ஸ்டுடியோவுக்கு நன்றி. நாற்பத்தெட்டுப் பக்கத்தையும் படியெடுத்த ‘என் துணைவியாருக்கும்’ நன்றி.

இரண்டு நாள் கழித்து அழகுபாண்டி வீட்டுக்குப் போன் செய்தான். நாகசுப்பிரமணியன் விழா அழைப்பிதழ் கொடுக்கத் திருப்பரங்குன்றம் போயிருந்தார். ராதாமணி எடுத்தாள்.

“அக்கா, என்னுரைக்குக் கீழ நாலு வரி எடம் காலியாக் கெடக்கு. மொட்டையா இருக்கு. ஏதாவது சொல்லுங்க, நெரப்பிர்றேன்.”

“எதப் பத்தி?”

“எதப் பத்தியாவது. நாலே வரி.”

புத்தகத்துக்குள் என்ன மிஞ்சியிருக்கிறது, என்ன போயிருக்கிறது என்று ராதாமணிக்குத் தெரியாது. கைவேலையாக இருந்தவள், படியெடுத்ததில் நினைவில் நின்றதைச் சொன்னாள்:

“எழுதிக்க தம்பி. ‘ஒலுமாராவில் தினம் இரண்டு மழை, குடை கொண்டு போகவும். குடிநீர் சற்று உவர்ப்பு. எலுமிச்சம்பழம் கொண்டு போகவும். நண்டு கடந்தால் நிற்கவும். முதலில் அவர்கள் பெயரைக் கேட்கவும். உங்கள் பெயரை அவர்கள் கேட்டால் சொல்லவும்.’ ஆச்சா?”

“கரெக்டா நாலு வரிக்கா.”

விழா ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, காலை பத்து மணிக்கு. காமராசர் சாலையில் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் வாழைமரம், ‘ஒலுமாரா அதிகாரி அவர்களே, வருக வருக’ என்று பேனர். அந்த அதிகாரி அன்று அதிகாலை சென்னை ரயிலில் வந்து இறங்கியிருந்தார். ஒல்லியான, நரைத்த மனிதர். கையில் ஒரு கறுப்புக் குடை. நாகசுப்பிரமணியன் பிளாட்பாரத்திலேயே கையைப் பிடித்துக் குலுக்கி, ஆங்கிலத்தில் தன் பெயர், பட்டம், பதவி, சாரணர் படை அனைத்தையும் வரிசையாக ஒப்பித்தார். அதிகாரி புன்னகைத்துக் காத்திருந்தார். அடுத்து நல்லகாமன் தன்னைச் சொன்னார். அதிகாரி புன்னகைத்துக் காத்திருந்தார். காலை டிபனுக்குள் முப்பது பேர் தங்களைச் சொல்லி முடித்திருந்தார்கள். மனிதர் வாயே திறக்கவில்லை.

“ரொம்பக் கூச்ச சுபாவம் போல” என்றார் வெங்கடேஷ்பாபு.

“பல்லு நல்லாருக்கா பாரும்யா” என்றார் நல்லகாமன்.

மேடையில் பொறுப்பாளர்களுக்கு மட்டும் அறுபத்திரண்டு நாற்காலி. அறுபத்திரண்டு பொன்னாடை. புத்தகத்தில் எழுதிய வாழ்த்துரையை ஒவ்வொருவரும் மேடையில் ஒரு தடவை வாசித்தார்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் பேசினார்கள். அதிகாரிக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருந்த வித்யாஸ்ரீ, நாலு பேர் வரை மொழிபெயர்த்தாள். அதற்கப்புறம், “இவரும் அதேதான் சொல்றார்” என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அதிகாரி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். பக்கத்துக்கு ஒரு முகம். மூன்றாம் பக்கம் மீசை, நான்காம் பக்கம் மீசை, ஐந்தாம் பக்கம் மூக்குக்கண்ணாடியோடு மீசை. மெல்ல வித்யாஸ்ரீயின் காதில் ஏதோ கேட்டார்.

“என்னம்மா கேக்குறாரு?” நாகசுப்பிரமணியன் எட்டிப் பார்த்தார்.

“இவங்கள்லாம் காணாமப் போனவங்களான்னு கேக்குறார்ப்பா.”

“ஜோக்கடிக்கிறாரு. பின்னட்டையப் பாக்கச் சொல்லு.”

அதிகாரி பின்னட்டையைத் திருப்பினார். நீலக் கடல். கடலுக்கு நடுவே ‘ஒலுமாரா’ என்ற எழுத்து. எழுத்திலிருந்து ஓர் அம்புக்குறி. அம்புக்குறி நீட்டிய இடத்தில் சுத்தமான நீலம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். நாகசுப்பிரமணியனும் குனிந்து பார்த்தார், புள்ளியைக் காணோம். மேடைக்குப் பின்னால் புத்தகக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்த அழகுபாண்டியிடம் ஓடினார்.

“டேய், மேப்புல நாடு எங்கடா?”

“எந்த நாடுண்ணே?”

“இங்க ஒரு புள்ளி இருந்துச்சேடா!”

“அதுவா. நெகட்டிவ்ல தூசி விழுந்தா பொடிப்பொடியா ஓட்டை தெரியும்ணே. செகப்பு மை தொட்டு அடைக்கணும், இல்லாட்டி அச்சுல புள்ளி புள்ளியா வந்துரும். நடுக்கடல்ல ஒண்ணு கெடந்துச்சு. நாந்தான் கவனமாப் பாத்து அடச்சேன்.” அழகுபாண்டியின் முகத்தில் தொழில் சுத்தம் ஒளிவிட்டது. “எம்புட்டுச் சுத்தமா வந்திருக்கு பாத்தீகளா?”

ஒரு நாட்டைப் படையெடுத்து அழித்தவர்கள் உண்டு. தூசி என்று நினைத்துத் துடைத்த பெருமை மதுரைக்குத்தான்.

மணி ஒன்றே கால். கடைசியாக அதிகாரியிடம் மைக் போனது. அவர் எழுந்தார். மைக்கைப் பிடித்தார். கூட்டத்தைப் பார்த்தார். பேசவில்லை. முகத்தில் அதே புன்னகை. எதற்கோ காத்திருப்பதுபோல நின்றார். பத்து விநாடி போயிற்று. அரை நிமிஷம் போயிற்று.

நல்லகாமனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. யாரோ இறந்திருக்கிறார்கள், மௌன அஞ்சலி. அவர் சட்டென்று எழுந்து கைகட்டித் தலைகுனிந்தார். மேடையே எழுந்தது. கீழே இருந்த கூட்டமும் நாற்காலிகள் கிறீச்சிட எழுந்து தலைகுனிந்தது. யாருக்கு அஞ்சலி என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது நாகரிகம் அல்ல. நாகசுப்பிரமணியனும் தலைகுனிந்தார். அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று தன் கையால் முதல் அத்தியாயம் எழுதியவர் அவர். தலை குனிந்தபோது, மேடையில் இருந்த மற்றவர்களைவிட இரண்டு அங்குலம் அதிகமாகவே குனிந்தார்.

பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“உங்க பேரு என்னங்க?”

ராதாமணி. குனிந்த தலைகளுக்கு நடுவே அவள் ஒருத்திதான் நிமிர்ந்து நின்றிருந்தாள். வித்யாஸ்ரீ மொழிபெயர்த்தாள். அதிகாரியின் முகம் விரிந்தது. அதிகாலை ரயிலடியிலிருந்து அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டார்.

“ஒனாலோ” என்றார்.

இத்தனை பக்கம் வந்த பிறகும் அந்த மனிதரின் பெயரை இந்தக் கதைகூடக் கேட்கவில்லை என்பதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். கவனிக்காவிட்டால் பேரவையில் ஒரு பதவி காலியாக இருக்கிறது.

ஒனாலோ அவளுடைய பெயரைக் கேட்டார். “ராதாமணி” என்றாள். மூன்றே கால் மணி நேர விழாவில் கேட்டுச் சொல்லப்பட்ட பெயர்கள் அவை இரண்டுதான். பிறகு அவர் மடை திறந்ததுபோலப் பேசினார். பேசி முடித்து, இந்தப் புத்தகத்தில் எங்கள் நாடு எங்கே இருக்கிறது என்று கேட்டார். வித்யாஸ்ரீ தேடிப் பிடித்து, அறுபத்து நான்காம் பக்கத்தின் அடியில், கோட்டுப் போட்ட போட்டோவுக்கும் நன்றிகளுக்கும் கீழே இருந்த நாலு வரிகளைப் படித்துக் காட்டினாள். மழை. உவர்ப்பு. நண்டு. பெயர். ஒனாலோ கண்ணை மூடிக் கேட்டார். யார் எழுதியது என்றார். வித்யாஸ்ரீ அழகுபாண்டியைப் பார்த்தாள்.

“அக்காதான் போன்ல சொன்னாக” என்றான் அவன்.

ஒனாலோ சட்டைப் பையிலிருந்து டிக்கெட் உறையை எடுத்தார். நாகசுப்பிரமணியன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கையை நீட்டியபடி முன்னால் வந்தார். ஒனாலோ அந்தக் கையை மரியாதையாகக் குலுக்கிவிட்டு, அவரைச் சுற்றிக்கொண்டு போய், மேடையிலிருந்து இறங்கி, உறையை ராதாமணியிடம் கொடுத்தார்.

“அம்மா வித்யா, ஆசிரியர் நாந்தான்னு சொல்லும்மா! அறுபத்தி நாலாம் பக்கம் முழுசும் என்னுதுன்னு சொல்லு!”

“சொல்லிட்டேன்ப்பா. ‘அதுல உங்கப்பா எங்க நாட்டப் பத்தி என்ன சொல்லியிருக்கார்’னு கேட்டார்.”

“நீ என்ன சொன்ன?”

“நன்றி சொல்லியிருக்கார்னு சொன்னேன்.”

நாகசுப்பிரமணியன் போகவே வழியில்லை என்று ஆகிவிடவில்லை. டிக்கெட் இரண்டு, பயணிகள் பெயர் இன்னும் எழுதாதவை. ராதாமணி கல்நெஞ்சுக்காரி அல்ல. அன்று சாயங்காலம் அவள் சுத்தமான தமிழில், தெருவுக்கே கேட்கும்படி, ஒரு நிபந்தனை விதித்தாள்.

“கெளம்ப எட்டு நாள் இருக்கு. தெனமும் சாயந்தரம் வீட்டுக்கு வாரப்ப, கேட்டுல நின்னு மொதல்ல எம் பேரக் கேளுங்க. அங்க போய் எவன் வீட்டு வாசல்லயாவது உங்க பயோடேட்டாவப் படிச்சு வெச்சா மழையில நிக்க விட்ருவாக. எங்கிட்ட இருக்கிறது ஒரு கொடை.”

“உம் பேரு எனக்குத் தெரியாதா? இருபத்தஞ்சு வருசம்!”

“எங்க, பொஸ்தகத்துல காணமே.”

முதல் நாள் அவர் கேட்டைத் தட்டி, “நாந்தான், நாகு” என்றார். கதவு திறக்கவில்லை. மூன்றாம் நாள், “பேரவைச் செயலாளர் வந்திருக்கேன்” என்றார். ஐந்தாம் நாள் கேட்க நினைத்துத்தான் வந்தார். எதிர்வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். சொந்த மனைவியிடம் பெயர் கேட்கும் கணவனைப் பற்றி உலகம் என்ன நினைக்கும்? கொல்லைப்பக்கமாகப் போய்விட்டார்.

எட்டாம் நாள் மானத்தைத் துறந்தார். கேட்டுக்கு முன் நின்று, தொண்டையைச் செருமி, “உங்க பேரு என்னங்க?” என்றார்.

உள்ளே வளையல் சத்தம் கதவருகே வந்து நின்றது. பிறகு, “ராதாமணி” என்று வந்தது. அந்தக் குரல் கொஞ்சம் நெகிழ்ந்திருந்தது. பெண் பார்க்கப் போன அன்று அவர் தன் பெயர், படிப்பு, சம்பளம் மூன்றையும் சொன்னவர். அவள் பெயரைக் கேட்டதில்லை, ஜாதகத்தில் பார்த்திருந்தார்.

“உங்க பேரு?” என்றாள் ராதாமணி, தாழ்ப்பாளில் கைவைத்தபடி.

கேட்டேவிட்டாள். இனி சொல்லலாம்.

“நாகசுப்பிரமணியன்” என்றார். அங்கே நிறுத்தியிருக்கலாம். கதவு பாதி திறந்துவிட்டது. “எம்.ஏ., பி.எட்., கௌரவச் செயலாளர், மதுரை கிழக்கு உலகச் சுற்றுலா ஆர்வலர் பேரவை, முன்னாள் சாரணர் படைத் துணைத் தலைவர், ஒலுமாரா நூலாசிரியர்…”

கதவு சாத்தப்பட்டது. உள்ளே ராதாமணியின் குரல் கேட்டது:

“வித்யா, நீ பெட்டியக் கட்டு.”

மறுநாள் காலை தாயும் மகளும் ரயில்வே ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் போனார்கள். ராதாமணியின் பையில் ஒரு குடை, ஆறு எலுமிச்சம்பழம், அவள் கையெழுத்தில் நாற்பத்தெட்டுப் பக்கம். நாகசுப்பிரமணியன் வழியனுப்ப வரவில்லை. அவருக்கு அதிகாலையிலிருந்து வேறு வேலை இருந்தது. என்ன வேலை என்பது கீழவாசல் திருப்பத்தில் தெரிந்தது.

சுவர் முழுக்கப் போஸ்டர். பசை இன்னும் காயவில்லை. நடுவில் கோட்டுப் போட்ட நாகசுப்பிரமணியன், ஆள் உயரத்தில். அவரைச் சுற்றித் தபால்தலை அளவில் அறுபத்தோரு முகங்கள். மேலே கொட்டை எழுத்தில், ‘கடல் கடந்து வெற்றிப் பயணம்! வாழ்த்தி வழியனுப்புகிறோம்!’ அடியில், ‘இவண்’ என்று தொடங்கி அறுபத்திரண்டு பெயர்கள்.

சிக்னலில் ஆட்டோ நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, போஸ்டரை மேலிருந்து கீழ்வரை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“யாரோ பெரிய கை, வெளிநாடு போறாரு போலயேக்கா. யாருக்கா இதுல போறது?”

ராதாமணியும் மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை வாசித்தாள்.

“போகாதவுகதாண்ணே எல்லாரும் இருக்காக” என்றாள். “நீங்க வண்டிய எடுங்க. ஆமா, உங்க பேரு என்ன?”